சுதந்திரம் என்று சொல்லிக் காதை மூடிக்கொள்ளல்
போலந்து ஜாஸ் கேட்பது குறித்து ஓர் எதிர்வினை

அண்மையில் ஓரிரவு நண்பரொருவரின் வீட்டு மேல்மாடியில் ஐந்து பேர் கூடியிருந்தோம். கவிதை பற்றிப் பேசக் கூடியவர்கள்தான். பேச்சு ஓய்ந்த வேளையில் நான் கொண்டு சென்றிருந்த இறுவட்டொன்றைப் போட்டேன். போலந்தின் பியானோக் கலைஞர் கிஷிஷ்டோஃப் கொமேடாவின் 'அஸ்டிக்மாட்டிக்'. அதன் முதல் ஆக்கம் மட்டுமே இருபது நிமிடங்களுக்கு மேல் நீள்வது. ஏழெட்டு நிமிடங்கள் சென்றிருக்கும். எங்களில் மூத்தவரும் நாங்கள் எல்லோரும் மதிக்கும் விமர்சகருமான ஒருவர் கையை உயர்த்தினார். "இது இரும்புத்திரைக்குப் பின்னாலிருந்து வந்த சுதந்திரக் குரல். ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் ஓலம்" என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். பிறகு பிளேன்ரீ வந்தது. இசை ஓடிக்கொண்டிருந்தது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது போல.

வீட்டுக்கார நண்பரின் மூத்த சகோதரரும் அங்கிருந்தார். காக்கா என்றுதான் நாங்கள் அழைப்போம். இலக்கியத்தோடு சம்பந்தமில்லாதவர், வியாபாரி. சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இத நிப்பாட்டுங்களன், தலையிடிக்குது" என்றார். வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன்: அன்றிரவு அந்த இசையை உண்மையில் கேட்ட ஒரே ஆள் காக்காதான். அவரது தலை இடித்தது. ஏனையோருக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த விமர்சகருக்கு எதிரானதல்ல. அவர் சொன்ன வசனத்துக்கு எதிரானது. போலந்து ஜாஸ் பற்றி எந்த மொழியில் எழுதப்பட்டதைப் புரட்டினாலும் முதற் பந்தியில் அந்த வசனம் குந்திக்கொண்டிருக்கிறது. எங்கோ ஒரு கொடுங்கோல் அரசு, அதற்கெதிராக ஒரு சக்ஸபோன், அது கதறுகிறது, ஆகவே அது மகத்தானது. இந்தக் கதையாடல் பிழையானது என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்வேன். நடந்தவற்றோடு அது பொருந்தவில்லை. இதைவிடப் பெரிய குற்றம், கேட்பதற்கான தேவையையே அது இல்லாமல் செய்துவிடுகிறது.

முதலில் நடந்தவற்றைப் பார்ப்போம். 1949 தொடக்கம் ஐம்பதுகளின் நடுப்பகுதி வரை போலந்தில் ஜாஸ் வானொலியிலிருந்தும் மேடைகளிலிருந்தும் துரத்தப்பட்டிருந்தது உண்மை. வீடுகளுக்குள்ளும் மாணவர் கூடல்களிலும் ஒளித்து வாசித்த அந்தக் காலத்தை அவர்களே 'நிலவறைக் காலம்' என்று அழைக்கிறார்கள், ஆதிக் கிறிஸ்தவர்கள் ஒளிந்திருந்த நிலவறைகளை நினைவூட்டி. 1953இல் ஸ்டாலின் இறந்தார். 1956இல் நிலைமை தளர்ந்தது. அந்த ஆண்டை மட்டும் கூர்ந்து பாருங்கள். ஜூன் 28ஆம் திகதி பொஸ்னான் நகரில் கூலி உயர்வு கேட்டு வீதியில் இறங்கிய தொழிலாளர் மீது இராணுவம் சுட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில், கடற்கரை நகரான சொபொட்டில், அதே அரசின் அனுமதியோடு முதலாவது பெரும் ஜாஸ் விழா நடந்தது. கொமேடாவின் அறுவர் குழு அங்கு வாசித்தது. கொமேடா அப்போது எங்கிருந்து வந்தார் தெரியுமா? பொஸ்னானிலிருந்து. அங்கு அவர் காது மூக்கு தொண்டை வைத்தியர். உண்மைப் பெயர் கிஷிஷ்டோஃப் டிஷ்ச்சின்ஸ்கி. ஜாஸ் வாசிப்பது தன்னோடு வேலை செய்யும் வைத்தியர்களுக்குத் தெரியவேண்டாம் என்றே 'கொமேடா' என்ற பெயரை வைத்துக்கொண்டார்.

தொழிலாளியைச் சுட்ட கைதான் இரண்டு மாதத்தில் ஜாஸுக்கு மேடை போட்டுக் கொடுத்தது. இதற்குப் பிறகும் 'அரசுக்கு எதிரான குரல்' என்று ஒரே மூச்சில் சொல்ல முடிகிறவர்களின் நெஞ்சுரத்தை மெச்சத்தான் வேண்டும்.

அதன் பின்னர் நடந்தது இன்னும் சிக்கலானது. 1958 முதல் வார்சோவில் ஆண்டு தோறும் ஜாஸ் ஜாம்போரி விழா. 1965இல் 'ஜாஸ் ஃபோரம்' சஞ்சிகை. அதே 1965இல் அரச இசைத்தட்டு நிறுவனமான போல்ஸ்கியே நக்ரானியா 'போலிஷ் ஜாஸ்' என்ற தொடரைத் தொடங்கியது. 1989 வரை அதில் 76 இசைத்தட்டுகள் வந்தன. 'அஸ்டிக்மாட்டிக்' அத்தொடரின் 5ஆவது. முழுக்க முழுக்க அக்கணத்தில் புனையப்பட்ட, ஒரு மெட்டைக்கூடக் கைப்பிடியாகத் தராத 'ட்வெட்' (1974) கூட அதே தொடரில்தான் வந்தது. பெயர் கூட ஒரு விளையாட்டுத்தான்: வாசித்த நால்வரின் பெயர்களின் முதலெழுத்துகள். லண்டனிலோ நியூயோர்க்கிலோ ஒரு வர்த்தகக் கம்பனியின் கதவைத் தட்டி இதைப் பதியுங்கள் என்று கேட்டிருந்தால் எத்தனை கதவு திறந்திருக்கும் என்பது ஊகிக்கக் கூடியதே. ஒரு சோசலிச அரசின் இசைத்தட்டுத் தொழிற்சாலை அதை அச்சிட்டு, உறை போட்டு, கடையில் வைத்தது.

இதனால் அந்த அரசு நல்ல அரசென்று நான் சொல்ல வரவில்லை. கலைஞர்கள் வெளிநாடு போவதென்றால் அரச முகவர் நிறுவனமான பகார்ட்டின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. கடவுச்சீட்டு அவர்களது வீட்டு லாச்சியில் இருக்கவில்லை. ஓர் அரசு ஒரே நேரத்தில் கழுத்தை நெரிக்கவும் காசு கொடுக்கவும் கூடியது. அந்த இரண்டு கைகளுக்கும் இடையில் வாழ்ந்தவர்களின் இசையை 'ஓலம்' என்ற ஒரு சொல்லில் அடைப்பது அவர்களது வாழ்வைப் பற்றிய அறியாமை.

அப்படியானால் இந்தச் 'சுதந்திரக் குரல்' என்ற வாசிப்பு எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு முகவரி இருக்கிறது. 1955 முதல் 'அமெரிக்காவின் குரல்' வானொலியில் வில்லிஸ் கொனோவர் இரவுகளில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். ஜாஸின் அமைப்பும் அமெரிக்க ஜனநாயகமும் ஒன்றையொன்று ஒத்தவை என்பது அவர் நெடுகிலும் சொல்லிவந்த கருத்து. 1958இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் டேவ் புருபெக்கின் குழுவைப் போலந்துக்கு அனுப்பியது. (அதே சுற்றுப்பயணத்தில் துருக்கி, ஈரான், ஈராக், பாகிஸ்தான், இந்தியா எல்லாம் போய் இலங்கைக்கும் வந்தார்.) புருபெக் நல்ல மனிதர், நல்ல கலைஞர். அவரைக் குறை சொல்லவில்லை. கொனோவரின் நிகழ்ச்சியைக் காதோடு காதாகக் கேட்டு வளர்ந்த போலந்துக் கலைஞர்கள் அவருக்குக் காட்டிய நன்றியும் பொய்யல்ல. ஆனால் ஜாஸ் என்றால் சுதந்திரம் என்ற சமன்பாடு வொஷிங்டனுக்கு வசதியாக இருந்த சமன்பாடு. ஏகாதிபத்தியம் என்ற சொல்லைக் கேட்டாலே கொதித்தெழும் எமது நண்பர்கள், அதே ஏகாதிபத்தியத்தின் வெளிவிவகார அலுவலகம் விரும்பிய வசனத்தை மேல்மாடியில் உட்கார்ந்து ஒப்புவிப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1989இல் அந்த அரசு வீழ்ந்தது. சுதந்திரம் வந்த அதே ஆண்டோடு 'போலிஷ் ஜாஸ்' தொடர் நின்றுபோனது. 2015இல் போல்ஸ்கியே நக்ரானியாவை வோர்னர் கம்பனியின் போலந்துக் கிளை வாங்கியது. 2016இல் தொடர் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது. கொமேடாவின் 'ஓலம்' இன்று ஓர் அமெரிக்கப் பெருநிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் இருக்கிறது. யாருடைய சுதந்திரம் என்று கேட்டுப் பார்க்கலாம்.

சரி, இனிக் கேட்பதற்கு வருவோம். எனக்கு அக்கறையுள்ள விடயம் இதுதான்.

'அஸ்டிக்மாட்டிக்' 1965 டிசெம்பரில் வார்சோவில் பதியப்பட்டது. ஐந்து பேர். கொமேடா பியானோ. ட்ரம்பெட் தொமாஷ் ஸ்டான்கோ, வயது 23. ஆல்டோ சக்ஸபோன் ஸ்பிக்னியேவ் நமிஸ்வோவ்ஸ்கி. பேஸ் வாசித்தவர் குந்தர் லென்ஸ், ஜேர்மனியர். ட்ரம்ஸ் வாசித்தவர் ரூனே கார்ல்சன், சுவீடன்காரர். ஜேர்மன் படைகள் வார்சோவைத் தரைமட்டமாக்கி இருபத்தொரு ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு நகரில் ஒரு ஜேர்மனியரின் பேஸ் மீது ஏறி நின்றுதான் அந்த 'ஒடுக்கப்பட்ட போலந்தின் ஓலம்' ஒலிக்கிறது. இதைப் பெரிய குறியீடாக்க நான் விரும்பவில்லை. கொமேடாவுக்குத் தேவைப்பட்டது நல்ல பேஸ். கிடைத்தது.

கேட்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது இரண்டு ஊதுவாத்தியங்களுக்கும் இடையிலான வேற்றுமை. நமிஸ்வோவ்ஸ்கி அடர்த்தியாகவும் அவசரமாகவும் வாசிப்பவர். சுரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும், ஒவ்வொன்றும் கூர்மையாக. ஸ்டான்கோ அதற்கு நேர்மாறு. அவரது ட்ரம்பெட்டில் காற்றும் சுரமும் கலந்தே வரும். ஒரு சுரத்தைச் சுத்தமாகப் பிடிப்பதற்குப் பதிலாக அதன் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டு போவார், சில வேளை அது உடைந்தும் போகும். இந்த இருவருக்கும் கீழே கொமேடா என்ன செய்கிறார்? மிகக் கொஞ்சமாகவே வாசிக்கிறார். தலைவர் அவர், ஆக்கங்கள் அவருடையவை, இருந்தும் பல இடங்களில் அவர் கை நகர்வதே தெரியாது. ஒரு கூட்டத்தின் தலைவர் பேசாமலிருப்பது எவ்வளவு அரிதென்று எழுத்தாளர் சங்கங்களில் இருந்தவர்களுக்குத் தெரியும். வேகம் மாறுகிறது, மெட்டு திரும்பி வருகிறது, வந்த இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் நிற்கிறது. கண் நோயொன்றின் பெயரைத் தன் இசைக்கு வைத்த அந்தக் காது வைத்தியர், எதையும் ஒரே கூர்மையில் பார்க்க விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்.

இதில் ஓலம் எங்கே? கோபம் இருக்கிறது, குறும்பு இருக்கிறது, அழகாக வாசிக்க மறுக்கும் பிடிவாதம் இருக்கிறது. இரண்டாவது ஆக்கமான 'கட்டோர்னா' ஒரு டென்மார்க் இயக்குநரின் படத்துக்காக எழுதப்பட்ட மெட்டு. மூன்றாவதான 'ஸ்வாண்டெடிக்' ஒரு சுவீடன் கவிஞ நண்பருக்காக. கொமேடா படங்களுக்கு இசையமைத்து வாழ்ந்தவர். ரோமன் பொலான்ஸ்கியின் 'நீரில் ஒரு கத்தி' (1962) முதல் ஹொலிவூட்டின் 'ரோஸ்மேரியின் குழந்தை' (1968) வரை. இந்த மனிதரை நிரந்தரக் கைதியாக நிறுத்தி வைப்பது யாருக்குத் தேவை?

1968இன் இறுதியில் லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்த விபத்தொன்றில் அவருக்குத் தலையில் அடிபட்டது. நினைவு திரும்பாமலே போலந்துக்குக் கொண்டுவரப்பட்டு 1969 ஏப்ரல் 23ஆம் திகதி இறந்தார். முப்பத்தெட்டாவது பிறந்த நாளுக்கு நான்கு நாட்கள் இருந்தன. அடுத்த ஆண்டு ஸ்டான்கோ தன் ஐவர் குழுவோடு ஒரு நினைவஞ்சலி இசைத்தட்டைப் பதிந்தார். 'மியூசிக் ஃபோர் கே'. கே என்பது கொமேடா. ட்ரம்பெட், ஆல்டோ சக்ஸபோன், டெனர் சக்ஸபோன், பேஸ், ட்ரம்ஸ். பியானோ இல்லை.

ஒரு பியானோக் கலைஞருக்கான இரங்கலில் பியானோ இல்லை. எனக்குத் தெரிந்த இரங்கற்பாக்களில் இவ்வளவு ஒழுக்கமானதை நான் அதிகம் கண்டதில்லை. எமது சஞ்சிகைகளில் வரும் நினைவுக் குறிப்புகளை எண்ணிப் பார்க்கிறேன். இறந்தவரைப் பற்றிய நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் எழுதியவர் இருப்பார். இங்கே பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீளும் தலைப்பு ஆக்கத்தில் இரண்டு சக்ஸபோன்களும் ஒரு ட்ரம்பெட்டும் ஒன்றையொன்று முட்டி மோதி ஓடுகின்றன. அவற்றைத் தாங்கும் சுரக்கூட்டம் கீழே இல்லை. அந்த இடம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. ஆல்டோ வாசிப்பவர் ஸ்பிக்னியேவ் சைஃபெர்ட். பின்னர் வயலினுக்கு முழுமையாக மாறி, 1979இல் புற்றுநோயால் முப்பத்திரண்டு வயதில் இறந்தவர். இந்த வெறுமையைக் கேட்பதற்கு 'இரும்புத்திரை' என்ற சொல் ஒரு தடை. அதைக் கையில் வைத்திருப்பவருக்கு ஓசையின் உரப்பு மட்டும் கேட்கும், உரப்பின் நடுவிலுள்ள துளை கேட்காது. அதே ஸ்டான்கோ இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1997இல், ஈ.சி.எம். நிறுவனத்துக்காகக் கொமேடாவின் மெட்டுகளை 'லிட்டானியா' என்ற பெயரில் வெளியிட்டபோது பியானோவைச் சேர்த்துக்கொண்டார். அது அழகான இசைத்தட்டு. அழகு சற்றுக் கூடிப்போன இசைத்தட்டு என்பது என் அபிப்பிராயம்.

'சுதந்திரம்' என்ற சொல் குறித்தும் ஒரு வார்த்தை. ஓர்னெட் கோல்மனின் 1961 இசைத்தட்டின் பெயரிலிருந்தே 'ஃப்ரீ ஜாஸ்' என்ற வழக்கு பரவியது. நாம் அதைச் 'சுதந்திர ஜாஸ்' என்று தமிழாக்கி, உடனே ஒரு கொடியையும் நட்டுவிடுகிறோம். 'கட்டற்ற' என்று சொல்லிப் பார்த்தேன், அதுவும் சரியில்லை. கட்டு இருக்கிறது. முன்கூட்டி எழுதப்பட்ட மெட்டும் சுரக்கூட்டமும் இல்லையென்றால், பக்கத்தில் நிற்பவர் இந்தக் கணத்தில் என்ன வாசிக்கிறார் என்பதே கட்டு. அதை ஒரு கணம் கேட்கத் தவறினால் முழுக் குழுவும் சரியும். எழுதப்பட்ட இசையை வாசிப்பவர் சற்றுக் கண்ணயரலாம், இவர்களால் முடியாது. இந்த இசையின் உழைப்பில் பாதிக்கு மேல் கேட்பதுதான். கேட்பதால் செய்யப்பட்ட ஒன்றைக் கேளாமல் பாராட்டுவது எவ்வகை மரியாதை என்பது எனக்கு விளங்கவில்லை.

எழுதியவர் கையில் கசை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு பதிவு உண்டு. 1971இல் ஜேர்மனியின் டொனௌஎஷிங்கன் விழாவில் போலந்தின் பெரும் இசையமைப்பாளர் பென்டெரெட்ஸ்கி, ஐரோப்பாவின் முன்னணிக் கட்டற்ற ஜாஸ் கலைஞர்களை நிறுத்தி 'அக்ஷன்ஸ்' என்ற ஆக்கத்தை நடத்தினார். ஸ்டான்கோவும் அதிலிருந்தார். பெரிய பெயர்கள், பெரிய ஓசை. எனக்கு அது சைகைக்காகக் காத்திருக்கும் மனிதர்களின் ஓசையாகவே கேட்கிறது. அதே இசைத்தட்டில் டொன் செரி நடத்தும் பகுதியில் அதே கலைஞர்கள் மூச்சு விடுகிறார்கள்.

இனி எமது பக்கத்துப் பலவீனமொன்று. 1980இல் ஸ்டான்கோ இந்தியாவுக்கு வந்து தாஜ்மஹாலிலும், மகாராஷ்டிரத்தின் கார்லா பௌத்தக் குகையிலும் தனியாக ட்ரம்பெட் வாசித்துப் பதிந்தார். எட்வேர்ட் வேசாலாவின் பின்லாந்து நிறுவனமான லியோ அதை வெளியிட்டது. இதைச் சொன்னதும் நண்பர்களின் முகம் மலரும். "கிழக்கின் ஆன்மீகத்தைத் தேடி வந்த மேற்கத்தேயன்!" இன்னொரு ஆயத்த வசனம். ஸ்டான்கோ அங்கு இராகம் வாசிக்கவில்லை, துதி பாடவும் இல்லை. தன் வழக்கமான கரகரத்த ட்ரம்பெட்டையே வாசிக்கிறார். அந்தக் கல்லறையின் குவிமாடம் ஒவ்வொரு சுரத்தையும் எடுத்து நீண்ட நேரம் திருப்பித் தருகிறது. எனவே அவர் வேகமாக வாசிக்க முடியாது. வாசித்தால் எல்லாம் குழம்பிக் கூழாகும். ஒரு சொற்றொடரை விடுகிறார், அது மேலே சுற்றி இறங்கும்வரை நிற்கிறார், பிறகே அடுத்தது. பளிங்கு இங்கே ஒரு வாத்தியக்காரர். கேட்பவர் கவனிக்க வேண்டியது அந்தக் காத்திருப்பின் அளவை. மும்தாஜுக்கும் ஷாஜகானுக்கும் இதில் எந்த வேலையும் இல்லை. அந்தக் குவிமாடத்தைக் கட்டியவர்களுக்கு இருக்கிறது.

இதைப் போன்றதே தவில் பெருமை. கிளாரினெட் கலைஞர் வாட்ஸ்வாஃப் ஸிம்பெல் கர்நாடக இசைக் கலைஞர்களோடு சேர்ந்து அமைத்த 'சாகரா' குழுவில் கடம், கஞ்சிரா, தவில் எல்லாம் உண்டு. முதல் இசைத்தட்டு 2015இல் கிராக்கோவின் நொட் டூ நிறுவனத்தில் வந்தது. எமது தவில் போலந்துக்குப் போய்விட்டது என்று நெகிழ்ந்துபோய் இதைப் பகிர்ந்துகொண்ட நண்பரிடம், எத்தனையாவது ஆக்கம் பிடித்தது என்று கேட்டேன். இன்னும் முழுதாகக் கேட்கவில்லையாம். நான் கேட்டேன். முதலாவதில் கிளாரினெட், கல்யாண வீட்டுக்கு வந்த வெளியூர் விருந்தாளி போல் தாளத்தின் மேல் நாகரிகமாக உட்கார்ந்திருக்கிறது. 2017இல் வந்த இரண்டாவதில் இலத்திரனியல் ஒலிகள் உள்ளே வந்து அந்த நாகரிகத்தைக் கெடுத்தன, அதன் பிறகே இசை சூடேறியது. என் கணிப்பு பிழையாகவும் இருக்கலாம். பிழையென்று சொல்பவர் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

சுதந்திரக் கதையாடலால் சற்றும் விளக்க முடியாத ஒரு கட்டம் தொண்ணூறுகள். கம்யூனிச அரசு போய்விட்டது. இனி யாருக்கெதிராக ஓலமிடுவது? அப்போதுதான் கிடான்ஸ்கிலும் பைட்கோஷ்ச்சிலும் 'யாஸ்' என்ற கலகம் மூண்டது. ஜாஸ் என்ற சொல்லையே கேலி செய்யும் பெயர். டிமோன் டிமான்ஸ்கி 1988இல் தொடங்கிய 'மிவோஷ்ச்' (அன்பு என்று பொருள்) குழு, பைட்கோஷ்ச்சில் 1994இல் திறக்கப்பட்ட 'மூஸ்க்' (மூளை) என்ற கூடம். இவர்களது எதிரி யார்? போலந்து ஜாஸின் பெரியவர்கள். விருது வாங்கி, குழாயூதிக்கொண்டு, நாங்கள்தான் அன்று சுதந்திரத்துக்காக வாசித்தவர்கள் என்று சொல்லிச் சொல்லியே அடுத்த தலைமுறையை வாசலில் நிறுத்தி வைத்திருந்தவர்கள். சுதந்திரக் கதையை அதிகம் பயன்படுத்தியவர்கள், அதைக் கொண்டு கதவடைத்தவர்களே என்பது யாஸ்காரர்களின் குற்றச்சாட்டு. அதில் மிகை உண்டு. நமிஸ்வோவ்ஸ்கியோ ஸ்டான்கோவோ கடைசிவரை உறங்கிவிடவில்லை. ஆனால் அக்கலகத்திலிருந்து வந்த இசைத்தட்டுகளைக் கேட்டால் அவர்களது அவசரம் புரியும். 1995இல் சிக்காகோவின் லெஸ்டர் போவியோடு 'மிவோஷ்ச்' வெளியிட்ட 'நொட் டூ'வில் ஒரு முழுக் குழுவும் சிரித்துக்கொண்டே கத்தி வீசுகிறது. ட்ரம்ஸ் வாசித்த யாட்செக் ஒல்டெர் அதிலே ஒரு கணம்கூட ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2001இல் அவர் இளவயதில் இறந்தார்.

இவ்வளவு சொன்ன பிறகு எனக்கெதிரான ஒரு சாட்சியையும் நானே கூப்பிட வேண்டும். 'மிவோஷ்ச்' குழுவிலிருந்த சக்ஸபோன் கலைஞர் மிகோவாய் ட்ஷாஸ்கா, கிட்டார் கலைஞர் ரபாயேல் ரோகின்ஸ்கி, ட்ரம்ஸ் வாசிக்கும் மாசியோ மொரெட்டி மூவரும் 'ஷோஃபார்' என்ற பெயரில் 2007இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். மோஷே பெரெகோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் உக்ரேனில் சேகரித்த ஹசீதிய யூதர்களின் சொல்லற்ற பாடல்களே அதன் அடிப்படை. பெரெகோவ்ஸ்கி 1950இல் சோவியத் அரசினால் கைது செய்யப்பட்டு 1955இல் விடுவிக்கப்பட்டவர். அந்தப் பாடல்களைப் பாடியவர்களில் பெரும்பாலானோரும், போருக்கு முன் போலந்தில் வாழ்ந்த ஏறத்தாழ 33 இலட்சம் யூதர்களில் 30 இலட்சம் பேரும் நாஸிகளால் கொல்லப்பட்டார்கள். இங்கே வரலாற்றை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் அந்த இசைத்தட்டில் வரலாறு எப்படி வருகிறது என்று பாருங்கள். மெட்டு முதலில் எளிமையாக வருகிறது. பல பேர் மேசையைச் சுற்றியிருந்து பாடவேண்டிய மெட்டு. பாட ஒரு சக்ஸபோன் மட்டுமே இருக்கிறது. ஒரு கூட்டத்தின் பாடலைத் தனியொருவர் பாட முயன்றால் எங்கெங்கே மூச்சு போதாமல் போகும், அங்கெல்லாம் ட்ஷாஸ்காவின் குரல் பிளக்கிறது. கிட்டார் அருகே நின்று இரும்பைத் தட்டுவது போல் தட்டுகிறது. இழப்பை யாரும் எனக்கு அறிவிக்கவில்லை. மெட்டின் அளவுக்கும் வாசிப்பவர்களின் எண்ணிக்கைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் அது தெரிகிறது. அந்த வேறுபாடு காதுக்குத்தான் கிடைக்கும். உறையின் பின்பக்கத்தை வாசித்துவிட்டு உருகுபவருக்குக் கிடைக்காது.

ஆகவே அரசியல் வேண்டாம் என்பது எனது நிலைப்பாடல்ல. 'தூய இசை' என்று கண்மூடித் தலையாட்டும் மேட்டிமைக் கூட்டத்தோடும் எனக்கு உறவில்லை. ஒரு கவிதையைக் கையிலெடுத்ததும் எந்த ஊர், எந்த ஆண்டு, யார் சுட்டது என்று மட்டும் கேட்டுவிட்டு, இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் அதை மூடிவைக்கும் வாசகரை எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியிலிருந்து வந்து எமது எழுத்தை அப்படி வாசித்தவர்கள் மீது நாம் எவ்வளவு கோபப்பட்டிருக்கிறோம்! கதையைக் கேட்டால் கதை, சாட்சியத்தைக் கேட்டால் சாட்சியம், இரண்டையும் குழப்பாதீர்கள் என்று எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறோம். அதே அநியாயத்தை வார்சோவின் ஐந்து கலைஞர்களுக்குச் செய்யும்போது மட்டும் எமக்குக் கூச்சம் வரவில்லை.

பதிவு குறித்தும் ஒரு குழப்பம் உண்டு. அக்கணத்தில் பிறந்து அக்கணத்தில் மறைய வேண்டிய இசையைத் தட்டில் அடைத்து நூறு முறை கேட்பது முரண்பாடில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. சிக்காகோவின் வண்டர்மார்க் ஐவர் குழு 2004 மார்ச்சில் கிராக்கோவின் பழைய யூதர் குடியிருப்பான காஜிமியேஷ் பகுதியிலுள்ள 'அல்கெமியா' மதுக்கூடத்தில் அடுத்தடுத்த இரவுகளில் வாசித்ததை நொட் டூ நிறுவனம் 12 இறுவட்டுகளாக 2005இல் வெளியிட்டது. பன்னிரண்டு! முதலில் இது பித்தமென்றே நினைத்தேன். பின்னர் ஒரே ஆக்கத்தின் இரண்டு இரவுகளை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். முதலிரவு ஒருவர் நுழைந்த வழியில் மறுநாள் நுழைய மறுக்கிறார். அதைக் கேட்ட மற்றவர் வேறு பக்கம் திரும்புகிறார். ஒரு தடவை கேட்டால் தற்செயல் போலத் தோன்றியது, அடுத்தடுத்துக் கேட்கையில் தெரிவாகத் தெரிந்தது. பதிவு இல்லாவிட்டால் எனக்கு அது ஒருபோதும் பிடிபட்டிருக்காது. கிராக்கோவில் அந்த இரவில் இருந்தவர்களுக்கு வேறொன்று கிடைத்திருக்கும். அவர்கள் பாக்கியசாலிகள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 'மியூசிக் ஃபோர் கே' தலைப்பு ஆக்கத்தை எடுங்கள். முதல் தடவை பேஸ் வாசிக்கும் புரோனிஸ்வாஃப் சுஹானெக்கை மட்டும் பின்தொடருங்கள், வேறெதையும் வேண்டாம். இரண்டாந் தடவை ட்ரம்பெட். மூன்றாந் தடவை யாரையும் பிடிக்காமல் விடுங்கள். ஏறத்தாழ ஐம்பது நிமிடம் செலவாகும். ஓர் இலக்கியக் கூட்டத்தின் தலைமையுரையை விடக் குறைவு.

காக்காவிடம் பிறகு பேசினேன். தலையிடி எந்த இடத்தில் தொடங்கியது என்று கேட்டேன். சிரித்தார். "ரெண்டு பேரும் ஒண்டா ஊதக்குள்ள இல்ல தம்பி. ஒராள் நிப்பாட்ட மத்தாள் விடாமப் பிடிச்சான், அதுலதான்" என்றார். மறுபடி போட்டுக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் விரலை உயர்த்தி, "இதுதான்" என்றார். தலையிடி போகவில்லையாம். எழுந்தும் போகவில்லை.

அடுத்த சந்திப்புக்கு 'ட்வெட்' கொண்டு போவதாக இருக்கிறேன். விமர்சக நண்பருக்கும் அழைப்பு உண்டு. இரும்புத்திரையை அவர் வேண்டுமானால் கூடவே தூக்கிக்கொண்டு வரட்டும், வைக்க மேல்மாடியில் இடமிருக்கிறது. தேநீர் மட்டும் இம்முறை இசைத்தட்டு முடிந்த பிறகே வரும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.